கருப்பை அகற்றும் அறுவை: திறந்த வயிறா, சாவித்துளையா, யோனி வழியா?

4 பிப்ரவரி 2025, இரவு 9.40 | உட்லண்ட்ஸ் வாசகி, சிங்கப்பூர்

எனக்கு வயது 46. இரண்டு பிள்ளைகள், இரண்டும் சிசேரியன். மூன்று ஆண்டுகளாக மாதவிலக்கின்போது கட்டி கட்டியாக இரத்தம் போகிறது. பலதுறை மருந்தகத்தில் ஹீமோகுளோபின் 7.8 என்று கண்டு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். நார்த்திசுக் கட்டிகளால் கருப்பை 14 வாரக் கர்ப்பத்தின் அளவுக்கு வளர்ந்திருக்கிறதாம். மாத்திரைகள் பயன் தரவில்லை. உள்ளே வைத்த ஹார்மோன் சாதனம் இரண்டாம் மாதமே நழுவி விழுந்துவிட்டது. கருப்பையை எடுத்துவிடுவது என்று நானும் கணவரும் முடிவு செய்துவிட்டோம். வயிற்றைத் திறந்தும் செய்யலாம், சாவித்துளை முறையிலும் செய்யலாம் என்று மருத்துவர் சொன்னார். ரோபோ முறையில் செய்துகொண்ட அலுவலகத் தோழி அதுதான் நல்லது என்கிறார். தஞ்சாவூரிலிருந்து அம்மா தொலைபேசியில், “கண்ணால் பார்த்துக் கையால் தொட்டுச் செய்வதுதான் சுத்தம்” என்கிறார். எந்த முறையில் சிக்கல் மிகக் குறைவு?

5 பிப்ரவரி 2025, காலை 6.15 | ஓய்வுபெற்ற தாதி

அறுவை அரங்கத்தில் 27 ஆண்டுகள் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மருத்துவர் அல்லள் என்பதால், நான் எழுதுவதை உங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளாக எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்த வழியாகப் போனாலும் உள்ளே நடக்கும் வேலை ஒன்றுதான். கருப்பையைத் தாங்கும் தசைநார்களை வெட்ட வேண்டும். இருபுறமும் வந்து சேரும் கருப்பைத் தமனிகளை அடைக்க வேண்டும். முன்புறம் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறுநீர்ப்பையைப் பிரித்துக் கீழே இறக்க வேண்டும். கருப்பை வாயைச் சுற்றி யோனியின் உச்சியை வெட்டிக் கருப்பையை வெளியே எடுத்து, அந்த உச்சியைத் தைத்து மூட வேண்டும். வாசல் மட்டுமே மாறுகிறது. வயிற்றைத் திறப்பது ஒரு வாசல். தொப்புளிலும் பக்கங்களிலும் மூன்று அல்லது நான்கு சிறு துளைகளிட்டுக் கேமரா வழியாகப் பார்த்துச் செய்யும் சாவித்துளை முறை இன்னொன்று. ரோபோ என்பது அதே சாவித்துளை முறைதான்; கருவிகளை மருத்துவர் சற்றுத் தள்ளி அமர்ந்து இயக்குகிறார். வயிற்றில் ஒரு கீறலும் இல்லாமல் யோனி வழியாகவே முழுவதையும் செய்வது மிகப் பழைய வாசல்.

உங்கள் கேள்விக்கு நேரான விடை, யோனி வழி. காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 2015-இல் வெளியிட்ட தொகுப்பு 47 சோதனைகளில் பங்கேற்ற 5,102 பெண்களின் தரவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. இயலும் இடத்தில் யோனி வழியே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்பது அதன் முடிவு. அமெரிக்க மகப்பேறு, மகளிர் மருத்துவர் கல்லூரியும் 2017-இல் அதையே வலியுறுத்தியது. நம் மருத்துவமனைகளில் அது எளிதாகக் கிடைக்கவில்லையே என்ற வருத்தம் எனக்கு நெடுநாளாக உண்டு.

வாசல் எதுவானாலும் அதற்கு முன் ஹீமோகுளோபின் அளவை உயர்த்துங்கள். 7.8 என்ற அளவில் அவசரமில்லாத அறுவைக்குப் படுப்பது சரியன்று. இரத்தக் குழாய் வழி ஏற்றும் இரும்புச்சத்து பற்றிக் கேளுங்கள். வரும் 11-ஆம் தேதி தைப்பூசம்; பால்குடம் எடுக்கும் வழக்கம் உங்களுக்கு இருந்தால், சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு வரை வெயிலில் நடக்க வேண்டாம். இவ்வாண்டு வீட்டில் விளக்கேற்றிக் கும்பிடுங்கள்.

5 பிப்ரவரி 2025, இரவு 10.05 | ஓய்வுபெற்ற தாதி

காலையில் எழுதியதைத் திருத்துகிறேன். இரண்டு சிசேரியன் என்று நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தும், அதை எடைபோடாமல் விடை சொல்லிவிட்டேன்.

சிசேரியனில் கருப்பையின் கீழ்ப்பகுதியைக் கீறித் தைக்கிறார்கள். அந்தத் தழும்பின் மேல் சிறுநீர்ப்பை ஒட்டிக்கொள்வதுண்டு. யோனி வழியாகச் செல்லும் மருத்துவர் கீழிருந்து மேல்நோக்கி, குறுகிய இடத்தில், அந்த ஒட்டலைப் பிரிக்க வேண்டியிருக்கும். இயலாத காரியம் என்று சொல்லமாட்டேன். அவ்வாறு நூற்றுக்கணக்கில் செய்த மருத்துவர்கள் உண்டு. ஆனால் உங்களுக்கு இயல்பான பிரசவம் நடந்ததே இல்லை, கருப்பை கீழே இறங்கியதாகவும் நீங்கள் சொல்லவில்லை, அளவோ 14 வாரம். இவை எல்லாம் சேர்ந்தால் யோனி வழி உங்களுக்குச் சுலபமான வாசல் ஆகாது. உங்கள் மருத்துவர் அதைச் சொல்லாமல் விட்டதற்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும். ஆயினும், “யோனி வழி ஏன் எனக்கு வேண்டாம் என்கிறீர்கள்?” என்று ஒரு முறை கேளுங்கள். விடை நேராக வந்தால், உங்கள் வயிற்றைப் பற்றி அவர் யோசித்திருக்கிறார் என்று பொருள்.

8 பிப்ரவரி 2025, பிற்பகல் 3.20 | ஓய்வுபெற்ற தாதி

அம்மா சொன்னதை எளிதில் தள்ளிவிட வேண்டாம். நான் பணியில் சேர்ந்த காலத்தில் பெரும்பாலும் வயிற்றைத் திறந்தே செய்தார்கள். சாவித்துளை வழியாகக் கருப்பையை அகற்றும் முறையை ஹாரி ரைக் என்ற அமெரிக்க மருத்துவர் 1988 ஜனவரியில்தான் முதன்முதலாகச் செய்தார். எங்கள் அரங்கத்துக்கு அது வந்தபோது ஓர் அறுவைக்கு முழுக் காலைப்பொழுதும் போய்விடும். திறந்த அறுவையில் இரத்தம் கொப்பளித்தால் மருத்துவர் விரலால் அழுத்திப் பிடித்துவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று யோசிக்கலாம். திரையில் அதே இரத்தம் ஒரு நொடியில் கேமராவை மறைத்துவிடும். அந்த நேரத்தில் அரங்கத்தில் எல்லோரும் பேச்சை நிறுத்தி விடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

ஆனால் அறுவை முடிந்த மறுநாள் காலை வார்டுக்குப் போய்ப் பார்க்கும் வழக்கமும் எனக்கு இருந்தது. வயிறு திறந்தவர்கள் இருமுவதற்கே தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்வார்கள். சாவித்துளைக்காரர்கள் நடந்துகொண்டிருப்பார்கள், அவர்கள் வியப்போடு கேட்பது தோள்பட்டை வலியைப் பற்றித்தான். வயிற்றை உப்ப வைக்கச் செலுத்தும் கரியமில வாயு உதரவிதானத்தை உறுத்துகிறது. உதரவிதானத்து நரம்பின் வலி தோளில் தெரிகிறது. இரண்டு மூன்று நாளில் போய்விடும்.

திறந்த அறுவைக்கென்று சில சிக்கல்கள் உண்டு. நீரிழிவும் உடற்பருமனும் உள்ளவர்களுக்கு வெட்டுக்காயத்தில் சீழ் பிடிப்பது அவற்றில் முக்கியமானது. சிங்கப்பூரில் நம்மவர்களிடையே நீரிழிவு மிகுதி என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். அதிகம் பேசப்படாத மற்றொன்று, வயிற்றை விரித்துப் பிடிக்கும் இரும்புக் கருவி தொடை நரம்பை அழுத்திவிடுவது. மெலிந்த ஒரு பெண்மணி மறுநாள் கட்டிலிலிருந்து இறங்கியதும் முழங்கால் மடங்கி என் கையிலேயே சரிந்தார். சில வாரங்களில் சரியாயிற்று. அன்றுமுதல், கருவியின் பிடிகள் எங்கே அழுத்துகின்றன என்று விரலை விட்டுப் பார்க்காமல் நான் அடுத்த கருவியை எடுத்துக் கொடுத்ததில்லை.

9 பிப்ரவரி 2025, இரவு 8.50 | ஓய்வுபெற்ற தாதி

எண்களைக் கேட்டிருக்கிறீர்கள். பிரிட்டனிலும் தென்னாப்பிரிக்காவிலும் 1,380 பெண்களைச் சேர்த்து நடத்தப்பட்ட ‘ஈவேல்யுவேட்’ சோதனையின் முடிவு 2004-இல் வெளிவந்தது. சாவித்துளையையும் திறந்த வயிற்றையும் ஒப்பிட்ட பிரிவில், பெரிய சிக்கல்கள் சாவித்துளையில் 11.1 விழுக்காடு, திறந்த முறையில் 6.2 விழுக்காடு. சாவித்துளையையும் யோனி வழியையும் ஒப்பிட்ட பிரிவில் 9.8-உம் 9.5-உம், ஏறத்தாழச் சமம். வலி குறைவு, வீடு திரும்புவது விரைவு, ஆறாம் வாரத்தில் வாழ்க்கைத் தரம் மேல் என்பவை சாவித்துளைக்குச் சாதகமாக வந்தவை.

இந்த 11.1-ஐப் பார்த்து அம்மாவின் கட்சிக்கு ஓடிவிட வேண்டாம். அந்தப் பெண்கள் 1996 முதல் 2000 வரை சேர்க்கப்பட்டவர்கள்; அந்த முறையில் மருத்துவர்களின் கை இன்னும் பழகிக்கொண்டிருந்த காலம் அது. மேலும், சாவித்துளையில் தொடங்கி வயிற்றைத் திறக்க நேர்ந்தால் அதையும் பெரிய சிக்கல் என்றே எண்ணினார்கள். அது சரியான கணக்கா என்பதில் எனக்கு ஐயம் உண்டு, பின்னர் எழுதுகிறேன். ஆனால் காக்ரேன் தொகுப்பிலும் ஒன்று நிலைத்து நிற்கிறது: சிறுநீர்ப்பைக்கும், சிறுநீரகத்திலிருந்து அதற்குச் சிறுநீரைக் கொண்டுவரும் சிறுநீர்நாளத்துக்கும் காயம் நேர்வது திறந்த முறையைவிடச் சாவித்துளையில் அதிகம்.

12 பிப்ரவரி 2025, காலை 7.00 | ஓய்வுபெற்ற தாதி

ரோபோ பற்றிச் சுருக்கமாக. கைமணிக்கட்டைப்போல் வளையும் கருவியும் முப்பரிமாணக் காட்சியும் மருத்துவருக்கு வசதிதான். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2005-இல் அதை மகளிர் அறுவைக்கு அனுமதித்தது. புற்றுநோய் அல்லாத கருப்பைக்கு, சாதாரணச் சாவித்துளையைவிட ரோபோ சிக்கலைக் குறைக்கிறது என்பதற்கு அந்த 2015 தொகுப்பில் சான்று கிடைக்கவில்லை. செலவு கூடுதல் என்பது மட்டும் உறுதி. மிகப் பருமனான உடல் போன்ற கடினமான நிலைகளில் அது உதவுவதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் தோழிக்கு நல்லபடியாக நடந்ததில் எனக்கும் மகிழ்ச்சி. அவருக்குச் செய்த மருத்துவரின் கைதான் அதற்கு முதல் காரணம் என்று நினைக்கிறேன்.

20 பிப்ரவரி 2025, இரவு 9.15 | ஓய்வுபெற்ற தாதி

முன்னரே எழுதியிருக்க வேண்டிய ஒன்று. 14 வாரக் கருப்பை ஒன்றரைச் சென்டிமீட்டர் துளை வழியாக வெளியே வராது. ஒன்று, யோனி வழியாக இழுத்தெடுக்க வேண்டும். அல்லது உள்ளேயே துண்டு போட வேண்டும். அல்லது சிறு கீறல் ஒன்றைப் பெரிதாக்க வேண்டும். முன்பு, சுழலும் கத்தி கொண்ட மின்கருவியை உள்ளே செலுத்தித் துண்டு போட்டார்கள். நார்த்திசுக் கட்டி என்று நம்பி அறுவைக்கு வரும் பெண்களில் ஏறத்தாழ 350 பேருக்கு ஒருவரிடம் சார்கோமா என்ற புற்றுநோய் மறைந்திருக்கக்கூடும் என்றும், துண்டு போடும்போது அது வயிறெங்கும் சிதறக்கூடும் என்றும் 2014 ஏப்ரலில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. அதன் பிறகு நடைமுறை மாறியது. பைக்குள் வைத்துத் துண்டு போடும் முறை வந்தது.

“என் கருப்பையை எப்படி வெளியே எடுப்பீர்கள்?” இந்தக் கேள்வியைத் தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.

21 பிப்ரவரி 2025, காலை 11.30 | ஓய்வுபெற்ற தாதி

இந்த இழையைப் படித்த வேறொரு வாசகி, தம் சித்திக்குக் கருப்பை வாயில் புற்றுநோய் என்றும் அவருக்கும் சாவித்துளையைக் கேட்கலாமா என்றும் எழுதியிருக்கிறார். அது முற்றிலும் வேறு கணக்கு. 2018-இல் வெளியான சோதனையில் 631 பெண்கள் பங்கேற்றனர். நான்கரை ஆண்டுகளில் நோய் திரும்பாமல் உயிரோடிருந்தவர்கள் திறந்த அறுவையில் 96.5 விழுக்காடு; சாவித்துளையிலும் ரோபோவிலும் 86 விழுக்காடு. எல்லோரும் எதிர்பார்த்ததற்கு நேர்மாறான முடிவு அது. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான விரிவான அறுவை, திறந்த வயிற்றுக்கே திரும்பியது. கருப்பையின் உட்சுவரில் தோன்றும் புற்றுநோய்க்கு இந்த முடிவு பொருந்தாது. அங்கே சாவித்துளை ஏற்கப்பட்ட முறை. பெயர் ஒத்திருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

3 மார்ச் 2025, இரவு 11.45 | ஓய்வுபெற்ற தாதி

நேற்று நீங்கள், “அக்கா, சிறுநீர்நாளக் காயத்தை மட்டும் ஏன் தனியாக எடுத்துச் சொன்னீர்கள்?” என்று கேட்டீர்கள். நான் சொல்லாமல் தவிர்த்து வந்ததைச் சொல்கிறேன்.

சிறுநீரகத்திலிருந்து சிறுநீரைக் கொண்டுவரும் நாளம், கருப்பை வாய்க்குப் பக்கத்தில், ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் தொலைவில், கருப்பைத் தமனிக்கு அடியில் ஓடுகிறது. மருத்துவ மாணவர்களுக்கு ‘பாலத்தின் அடியில் ஓடும் நீர்’ என்று கற்பிப்பார்கள். பாலத்தை அடைத்து வெட்டுவதுதான் இந்த அறுவையின் மையம். அதனால் எந்த வாசல் வழியாகச் சென்றாலும் நாளம் கத்திக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. திறந்த முறையில் நூலால் சேர்த்துக் கட்டிவிடக்கூடும். சாவித்துளையில் மின்சாரச் சூட்டால் தமனியை அடைக்கும்போது, அந்தச் சூடு பக்கத்தில் பரவி நாளத்தைச் சுடக்கூடும். வெட்டுப்பட்டால் அப்போதே தெரியலாம். சூடுபட்ட நாளம் அன்று நன்றாகவே இருக்கும். ஒரு வாரம், பத்து நாள் கழித்துச் சுட்ட இடம் செத்து ஓட்டையாகும்.

2017-இல் என் தங்கைக்குச் சாவித்துளை முறையில் கருப்பை அகற்றப்பட்டது. எங்கே, யார் செய்தார்கள் என்பது இங்கே வேண்டாம். மூன்றாம் நாள் ஈசூனில் உள்ள வீட்டுக்கு வந்துவிட்டாள். ஒன்பதாம் நாள் எனக்குத் தொலைபேசியில் அழைத்து, பஞ்சு நனைந்துகொண்டே இருக்கிறது என்றாள். இரத்தமா என்று கேட்டேன். தண்ணீர்போல் இருக்கிறது என்றாள். தையல் ஆறும்போது நீர் வடிவது வழக்கம்தான், கவலைப்படாதே என்று சொன்னேன். 27 ஆண்டு அனுபவத்தோடு சொன்னேன். அவளும் நம்பினாள். பன்னிரண்டாம் நாள் இடது விலாவுக்குக் கீழே வலியும் காய்ச்சலும் வந்த பிறகுதான் அவசரப் பிரிவுக்குப் போனோம். வடிந்த நீரைச் சோதித்தார்கள். சிறுநீரில் வெளியேறும் கழிவுப்பொருளான கிரியாட்டினின் அளவு அதில் இரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு. அதாவது அது சிறுநீர். நாளத்துக்குள் ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை ஏற்ற முயன்றார்கள், ஏறவில்லை. முதுகு வழியாகச் சிறுநீரகத்தில் குழாய் வைத்துப் பையைக் கட்டிவிட்டார்கள். அந்தப் பையோடு மூன்று மாதம் இருந்தாள். கோயிலுக்குப் போகமாட்டாள், பேருந்தில் ஏறமாட்டாள். பிறகு வயிற்றைத் திறந்து நாளத்தைச் சிறுநீர்ப்பையில் புதிதாக இணைத்தார்கள். இப்போது நலமாக இருக்கிறாள், சிறுநீரகமும் பிழைத்தது.

அறுவை செய்தவர்மீது எனக்குக் கோபம் இல்லை. இத்தகைய காயம் நூறு பேரில் ஒருவர் என்ற அளவை ஒட்டி, அல்லது அதற்கும் குறைவாக, திறமையான கைகளிலும் நேர்கிறது. ஒன்பதாம் நாளே நான், “உடனே போ” என்று சொல்லியிருந்தால் அவள் காய்ச்சல் வரும் வரை மூன்று நாள் காத்திருக்க வேண்டியதில்லை. ஸ்டென்ட்டும் ஒருவேளை ஏறியிருக்கும்.

4 மார்ச் 2025, காலை 6.40 | ஓய்வுபெற்ற தாதி

அறுவை முடிந்ததும் சிறுநீர்ப்பைக்குள் கேமராவை விட்டு, இரு நாளங்களிலிருந்தும் சிறுநீர் பீய்ச்சுகிறதா என்று பார்க்கும் வழக்கம் பல மருத்துவர்களிடம் உண்டு. அதைக் கேட்பது நல்லது. கட்டப்பட்ட நாளத்தை அது அப்போதே காட்டிவிடும். சூடுபட்ட நாளம் அன்று பீய்ச்சவே செய்யும் என்பதால், அந்தச் சோதனையில் தேறியவர்களும் இரண்டாம் வாரம் வரை கவனமாக இருக்க வேண்டும்.

16 மார்ச் 2025, பிற்பகல் 2.10 | ஓய்வுபெற்ற தாதி

பெண்கள் கேட்கக் கூசுவதும் மருத்துவர்கள் அவசரமாகச் சொல்லிக் கடப்பதுமான ஒன்று. யோனியின் உச்சியில் போட்ட தையல் பிரிந்துபோவது அரிது. ஆனால் அது திறந்த முறையையும் யோனி வழியையும்விடச் சாவித்துளையிலும் ரோபோவிலும் அதிகம் காணப்படுகிறது. வெட்டும் சூட்டால் விளிம்பு கருகுவது ஒரு காரணம் என்கிறார்கள். வெளிக்காயம் சிறியது, வலியும் இல்லை என்பதால் பெண்களும் கணவன்மாரும் உள்ளேயும் ஆறிவிட்டது என்று எண்ணிவிடுகிறார்கள். தாம்பத்திய உறவுக்குக் குறைந்தது ஆறிலிருந்து எட்டு வாரம் பொறுக்க வேண்டும். 12 வாரம் என்று சொல்லும் மருத்துவர்களும் உண்டு. மருத்துவர் பரிசோதித்துச் சொல்லும் வரை பொறுப்பதே சரி. இந்தப் பத்தியைக் கணவரிடமும் காட்டுங்கள்.

திடீரென்று இரத்தமோ நீரோ கொட்டினாலும், கீழே எதுவோ பிதுங்குவதுபோல் இருந்தாலும், உடனே படுத்துக்கொண்டு ஆம்புலன்ஸ் எண்ணான 995-ஐ அழையுங்கள். குடல் வெளியே வந்திருந்தால் உள்ளே தள்ள முயலாமல், சுத்தமான துணியை நனைத்து மூடி வையுங்கள்.

29 மார்ச் 2025, இரவு 8.30 | ஓய்வுபெற்ற தாதி

செலவு. சுகாதார அமைச்சின் அறுவைப் பட்டியல் 1ஏ முதல் 7சி வரை படிகளாக அமைந்தது. மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து அறுவைக்கு எடுக்கக்கூடிய தொகையும் அந்தப் படியைப் பொறுத்து 250 வெள்ளி முதல் 7,550 வெள்ளி வரை மாறும். உங்கள் அறுவையின் குறியீட்டை எழுதி வாங்கி, அமைச்சு 2018 முதல் வெளியிட்டு வரும் கட்டண அளவீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ரோபோவின் கூடுதல் செலவை உங்கள் காப்புறுதி ஏற்குமா என்பதை அறுவைக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள்.

அரசு மருத்துவமனையின் மானியம் மிகுந்த பி2, சி வகுப்பு வார்டுகளில் மருத்துவரை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. ஒரு மருத்துவக் குழு பார்க்கும். அதனால் தரம் குறைந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. “இந்த முறையில் இந்தக் குழு எத்தனை முறை செய்திருக்கிறது, பயிற்சி மருத்துவர் செய்தால் மூத்தவர் அருகில் இருப்பாரா” என்று அங்கேயும் கேட்கலாம். கேட்டவர்கள்மீது எந்த மருத்துவரும் கோபித்துக்கொண்டதை என் பணிக்காலத்தில் நான் கண்டதில்லை.

15 ஏப்ரல் 2025, காலை 9.00 | ஓய்வுபெற்ற தாதி

புத்தாண்டு வாழ்த்துகள். ஹீமோகுளோபின் 11.4 என்ற செய்தியைப் பார்த்ததும் எனக்கு வடை பாயசம் இன்னும் இனித்தது. அறுவை வரை மாதவிலக்கை நிறுத்தி வைக்கப் போடும் ஊசியால் உடல் தகிப்பது, ஊசியை நிறுத்தியபின் தணியும்.

அம்மா தஞ்சாவூரிலிருந்து வந்து பத்தியம் வைக்கப்போகிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவர் வரட்டும், அந்தக் கை வீட்டில் இருப்பது பெரிய பலம். ஆனால் பிள்ளை பெற்றவளுக்குச் செய்வதையெல்லாம் இதற்கும் செய்யக்கூடாது. பூண்டுக் குழம்பு தாராளமாகச் சாப்பிடலாம். காய்கறியும் தண்ணீரும் குறைந்தால் மலம் இறுகும். முக்கினால் உள்தையலுக்குக் கேடு. படுக்கையை விட்டு எழாமல் வைத்திருந்தால் காலின் இரத்தக் குழாயில் இரத்தம் உறையக்கூடும். அது நுரையீரலுக்கு ஏறினால் உயிருக்கு ஆபத்து. எந்த முறையில் செய்தாலும் இந்த அபாயம் உண்டு. திறந்த அறுவைக்குப் பின் நடக்கத் தயங்குவதால் கூடுதல். மறுநாளே நடக்க வேண்டும், வீட்டுக்கு வந்தபின் தாழ்வாரத்தில் மின்தூக்கி வரை போய்த் திரும்ப வேண்டும். பத்துக் கிலோ அரிசி மூட்டையைத் தொடக்கூடாது.

சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிடலாம் என்று அம்மா சொல்வதற்கு: உங்கள் வயதில், குடும்பத்தில் புற்றுநோய் இல்லாத நிலையில், அவற்றை விட்டுவைப்பதே பொது வழக்கம். எடுத்தால் மாதவிடாய் நிறுத்தம் ஒரே நாளில் வந்துவிடும். கருக்குழாய்களை எடுப்பது வேறு. சினைப்பைப் புற்றுநோய் பெரும்பாலும் அங்கே தொடங்குவதாகக் கண்டறிந்த பிறகு அவற்றைச் சேர்த்தே எடுக்கிறார்கள்.

வேலை பற்றி: மருத்துவமனை விடுப்பு ஆண்டுக்கு 60 நாள் வரை சட்டப்படி உண்டு, சாதாரண மருத்துவ விடுப்பு 14 நாளும் அதற்குள்தான் அடங்கும். ஜனவரி முதல் எடுத்த விடுப்பை மறக்காமல் கழித்துக் கணக்கிடுங்கள்.

5 மே 2025, இரவு 7.50 | உட்லண்ட்ஸ் வாசகி

அக்கா, 2-ஆம் தேதி முடிந்தது. சாவித்துளையில் தொடங்கினார்கள். சிறுநீர்ப்பை தழும்போடு கெட்டியாக ஒட்டியிருந்ததால் 40 நிமிடத்துக்குப் பின் வயிற்றைத் திறந்து முடித்தார்களாம். கண் விழித்ததும் வயிற்றில் நீண்ட கட்டைப் பார்த்து அழுதுவிட்டேன். எல்லாம் தோல்வியாகிவிட்டதோ என்று இருக்கிறது.

5 மே 2025, இரவு 9.30 | ஓய்வுபெற்ற தாதி

பிப்ரவரி 9-ஆம் தேதி, பின்னர் எழுதுகிறேன் என்று விட்டது இதைத்தான். அந்தச் சோதனையின் கணக்கில் உங்களுக்கு நடந்தது ‘பெரிய சிக்கல்’. நான் அரங்கத்தில் நின்று பார்த்த கணக்கில், உங்கள் சிறுநீர்ப்பை முழுதாக இருப்பதற்கு அதுவே காரணம். ஒட்டல் பிரியவில்லை என்று கண்டும், தொடங்கிய வழியிலேயே முடித்துக் காட்ட வேண்டும் என்று பிடிவாதமாக நின்ற கைகளையும் நான் பார்த்திருக்கிறேன். உங்கள் மருத்துவர் நிறுத்தினார், கத்தியைக் கேட்டார், வயிற்றைத் திறந்தார். அந்த இடத்தில் நான் நின்றிருந்தால் மனநிறைவோடு கத்தியை எடுத்துக் கொடுத்திருப்பேன்.

அழுகை வந்தால் அழுங்கள். இருமும்போது தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளுங்கள்.

11 மே 2025, இரவு 8.05 | ஓய்வுபெற்ற தாதி

பஞ்சு நனைகிறது, நிறமில்லை, வாடை இல்லை, காய்ச்சலும் இல்லை, காலையில் கூப்பிட்டுக் கேட்கலாமா என்று எழுதியிருக்கிறீர்கள். காலை வரை காத்திருக்க வேண்டாம். இப்போதே வார்டு எண்ணை அழைத்து, அறுவையாகி ஒன்பதாம் நாள், தண்ணீர்போல் வடிகிறது என்ற இந்தச் சொற்களிலேயே சொல்லுங்கள். வரச் சொன்னால் கிளம்புங்கள். நனைந்த பஞ்சையும் ஒரு பையில் எடுத்துச் செல்லுங்கள். அம்மா வழக்கம்தான் என்று சொன்னாலும் போங்கள்.

12 மே 2025, காலை 5.50 | ஓய்வுபெற்ற தாதி

இரவு ஒன்றரை மணிக்கு நீங்கள் அனுப்பிய செய்தியை இப்போதுதான் பார்த்தேன். நீரின் கிரியாட்டினின் இரத்தத்தின் அளவாகவே இருக்கிறது, இரு சிறுநீரகமும் ஸ்கேனில் வீக்கமின்றி உள்ளன, தையல் ஆறும்போது வடியும் நீர்தான் என்று சொல்லி அனுப்பினார்கள் என்பதை இரண்டு முறை படித்தேன். வீண் அலைச்சல் ஆகிவிட்டது என்று நீங்கள் வருந்த வேண்டியதில்லை. தங்கையிடமும் படித்துக் காட்டினேன்; அவள் சிறிது நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, உங்களுக்கு என்ன குழம்பு பிடிக்கும் என்று கேட்கச் சொன்னாள்.

அடுத்த சந்திப்பில் எடுத்த கருப்பையை ஆய்வகத்தில் சோதித்துத் தரும் நோய்க்கூற்று அறிக்கையைக் கேட்டு, ஒரு பிரதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கருப்பை வாயையும் எடுத்துவிட்டார்களா என்பது அதில் இருக்கும். எடுக்கவில்லையென்றால் கருப்பை வாய்ப் பரிசோதனையைத் தொடர்ந்து செய்துகொள்ள வேண்டும்.